பூட்டிய அறையும் பிலோவின் வாசிப்பும்

பூச்சி உருண்டை மணமும் உருகிய மெழுகுதிரி மணமும்... இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் என் உள்ளங்கை வியர்த்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்து விடுதியில் படித்தேன். ஆண்டுக்கொரு முறை மூன்று நாள் தியானம். அந்த நாட்களில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. மற்றப் பிள்ளைகள் கண்ணாலும் கையாலும் கதைத்துச் சமாளிப்பார்கள். நான் அதுவும் செய்யமாட்டேன். ஒழுங்கென்றால் ஒழுங்கு. இன்றும் அப்படித்தான்.

ஒரு தியானத்தின்போது, மத்தியானம், பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அலுமாரிக்குப் பின்னால் நான் நின்றதைக் காணாமல் யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். சத்தம் கேட்டது. "நான் உள்ளே நிற்கிறேன்" என்றால் போதும்... சொல்லவில்லை. தியானமல்லவா?

காலடிகள் தூரப் போன பிறகுதான் பயம் பிடித்தது. பூச்சி உருண்டையும் மெழுகுதிரியும் மணக்கும், யன்னல் இல்லாத அறை. அடுத்த நாள் பூசை வரைக்கும் அதை ஒருவரும் திறக்கமாட்டார்கள். தொங்கிய அங்கிகள் ஆட்கள் நிற்பதுபோலத் தெரிந்தன. இனிக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மண்டபம். தியான நாட்களில் எல்லோரும் பேசாமல் சாப்பிட, ஒருத்தி மட்டும் நின்று புத்தகம் வாசிப்பாள். அன்று என் சிநேகிதி பிலோமினாவின் முறை. அவளுடைய கீச்சுக் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

துறவிகளின் தொடக்கக் கதை. எகிப்தின் பாலைவனத்தில் முதலில் ஒவ்வொருவரும் தனித்தனிக் குகையில் இருந்தார்களாம். நோய் வந்தாலும் கேட்க ஆளில்லை. பிறகு வாரத்துக்கொரு நாள் பூசைக்குக் கூடினார்களாம். வராதவரைத் தேடி ஒருவர் சாப்பிடப் பாண் ரொட்டியோடு போவாராம். சிலவேளை குகையில் உடல்தான் கிடக்குமாம். அதன் பிறகே ஒரு மதிலுக்குள், ஒரே மணியோசைக்கு எழும்பி, ஒரு மேசையில் சாப்பிடும் மடங்கள் வந்தனவாம்...

"உடல்தான்" என்ற இடத்தில் நான் துணிகளைப் போட்டுவிட்டுக் கதவருகே போனேன்.

திடீரென வாசிப்பு நின்றது.

"வாசி," என்றது மடத்துத் தலைவி மதரின் குரல்.

"மதர், ஜோசபீனைக் காணேல்லை." என் பெயர்.

"தியானத்தில கதைக்கிறதோ? வாசி!"

"என்னெண்டு மதர் வாசிக்கிறது? வராத ஆளைத் தேடிப் போகோணுமெண்டு உதிலதானே கிடக்குது!"

அப்போதுதான் என் கை கதவில் அடிக்கத் தொடங்கியது. மதர் வந்து திறந்தபோது அவர் கையில் கடித்த பாண் துண்டு அப்படியே இருந்தது.

வாய் திறந்த குற்றத்துக்காகப் பிலோ அன்று இராச்சாப்பாட்டை முழந்தாளில் நின்று சாப்பிட்டாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இப்போது, புலம்பெயர்ந்து வந்த குளிர் நாட்டில், நான் மில்லிக்கனில், அவள் ஒரு மணித் தூரத்தில் மிசிசாகாவில். இருவருடைய கணவன்மாரும் இறந்துபோய்விட்டார்கள். மகன் கூப்பிட்டும், என் வீட்டில் தனியாகவே இருப்பேன் என்று நின்றவள் நான். தினமும் காலைத் தேநீருக்கு முதல் பிலோ எனக்கு ஃபோன் எடுத்துக் கதைப்பாள். அது மட்டும் தவறக்கூடாது.

போன கிழமை ஒரு நாள் எடுக்கவில்லை. நானே அவளுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது...

டாக்சி பிடித்தேன். நெடுஞ்சாலை முழுவதும் பனி. காருக்குள் எங்கிருந்தோ பூச்சி உருண்டை மணம். அவள் கதவைத் தட்டினேன். பிறகும் தட்டினேன். கடைசியில் செருப்புச் சத்தம்.

"ஃபோனைக் காருக்குள்ள விட்டிட்டனடி. உதுக்கே இவ்வளவு தூரம் வந்தனி? கையில என்ன?"

குனிந்து பார்த்தேன். காலையில் வாட்ட எடுத்த பாண், பையோடு கையிலேயே வந்திருக்கிறது.

அவள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். "உள்ள வா," என்றாள்.

அன்று ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தோம். இன்று எனக்கு அவள், அவளுக்கு நான். ஒருத்தி போய்விட்டால் மற்றவளின் கதவை யார் தட்டுவது?

"என்னோட வந்து இரு," என்று கேட்டுவிட்டேன். நான் யாரிடமும் எதுவும் கேட்பவளல்ல.

"உன்ர ஒழுங்குக்கு நான் முழந்தாளில நிண்டுதான் சாப்பிடோணும்," என்றாள்.

அவள் இன்னும் "ஓம், வாறன்" என்று சொல்லவில்லை. காலையில் அவளுடைய ஃபோன் அடிக்கும்வரை, குடிக்காத என் தேநீர் மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது...