அப்பாவின் சம்மதக் கடிதம்

ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடியும் தறுவாயில், சர்ஜரி பிரிவில் சீனியர் ஹவுஸ் சர்ஜன் இடத்துக்கு விண்ணப்பித்தேன். அதில் ஒரு வருடம் வேலை பார்த்தால்தான் பிற்பாடு மேற்படிப்புக்கு மனுப் போட முடியும். இருந்தது ஒரே இடம். ஆண்களுக்கு மார்க் பட்டியலும் நன்னடத்தைச் சான்றிதழும் போதும். பெண் என்றால், இராத்திரி வேலைக்குச் சம்மதம் என்று தகப்பனார் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். எங்கள் சர்ஜரி பிரிவின் சீஃப் வைத்த சட்டம். அந்த வருடம் விண்ணப்பித்த ஒரே பெண் நான்தான். ஆக, எனக்கென்றே ஒரு சட்டம்.

அப்பா செல்லூரில் நாலு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகி, வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். அவரிடம் போய்க் கடிதம் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைக்கு பிரசவ வார்டு போதாதா? விடிய விடிய ஆம்பளைகளோட நின்னு வயித்தக் கிழிக்கணுமாக்கும்?"

தெருவுக்கே கேட்டிருக்கும். பிள்ளைகள் என்ன பகலில் மட்டுமா பிறக்கின்றன என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அது எனக்கு நன்றாக வரும்.

கடைசித் தேதிக்கு முதல் நாள், என் பழைய ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

இன்டர்வியூ கார்டு வீட்டுக்கு வந்தது. தகப்பனாருடன் நேரில் வரவும் என்று அதில் இருந்தது. அதை முதலில் வாங்கிப் படித்தது அப்பாதான்.

"நல்லதாப் போச்சு. முடியாதுன்னு நேர்லயே சொல்லிட்டு வாரேன்" என்றார். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்து, டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டேன்.

சீஃப் கடிதத்தை மேஜைமேல் நகர்த்தி வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். 'எனக்கு முழுச் சம்மதம்' என்று வேறு எழுதி வைத்திருந்தேன். இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இடம் போய்விடும். கள்ளக் கையெழுத்துப் போட்டவள் என்று பயிற்சிச் சான்றிதழையே நிறுத்தி வைப்பார்கள். எந்தப் பரீட்சையிலும் நான் அப்படிப் பயந்ததில்லை.

"என்னுதுதாங்கய்யா" என்றார் அப்பா.

சீஃப் என்னிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு, ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தோம். அப்பா நிழலில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா என்ன?"

"கேட்டேனேப்பா. நீங்கதான் கூடாதுன்னுட்டீங்க."

"ஒரு தரந்தான கேட்ட?" என்றார். "இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்ல."

சித்திரைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போக அவரைப் பத்துத் தரம் நச்சரித்தவள் நான். இதை மட்டும் ஒரே தரம் கேட்டுவிட்டு, அவர் மனசு அவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.