ஒரே கிளாஸ்

மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய விநோதமாகப் பட்டது, ஆட்கள் பீரை முகர்ந்துவிட்டுக் குடித்ததுதான். எங்கள் ஊர் கம்பத்தில் பீர் ஜில்லென்று இருக்க வேண்டும், தெரிந்தவர் கண்ணில் படுவதற்குள் காலியாக வேண்டும். மற்ற லட்சணங்களை யாரும் பார்ப்பதில்லை. இங்கே சுக்கு, மல்லிக் கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் ஜோஜி, பெங்களூரில் சின்ன ஆலைகளில் காய்ச்சும் பீர்களை அண்ணன் மூலம் வரவழைப்பான். ஞாயிறு மதியம் அவன் வீட்டு மொட்டைமாடியில் நாலு பேர் கூடுவோம். ஒரு பாட்டில், ஒரே கிளாஸ், கை மாறிக்கொண்டே போகும். எல்லோரும் ஒரே வாசனையை முகர்ந்தால்தான் அதைப் பற்றிச் சண்டை போட முடியும் என்பது அவன் சட்டம்.

முதல் நாள் நான் வழக்கம்போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். நுரை மூக்கில் ஏறிப் புரையேறியது.

"அண்ணாச்சி, இங்ஙனே குடிச்சா மணம் எங்ஙனே கிட்டும்? சுண்டு வெச்சு குடிக்கு," என்று ஜோஜி என் தலையில் தட்டினான்.

சுண்டு என்றால் உதடு. பொதுக் கிளாஸில் வாய் வைக்கக் கூசியது. வைத்தேன். அப்புறம்தான் கோதுமை பீரில் பூவன்பழம் மணப்பது தெரிந்தது. கறுப்பு பீரில் கருகிய காபிக்கொட்டை. ஒன்றில் நாங்கள் மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்பும் கொத்தமல்லி விதையே மணந்தது. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புதான் கடைசியில் பிடிபட்டது. பாகற்காய்க் கசப்பு வேறு, வேப்பங்கொழுந்துக் கசப்பு வேறு அல்லவா, அப்படி அதிலும் பல ரகம். ரொம்ப ஜில்லென்றிருந்தால் நாக்கு மரத்துவிடும் என்று புதியவர்களுக்கு நானே பாடம் எடுக்குமளவு பைத்தியம் முற்றிவிட்டது.

போன மாதம் ஜோஜி ஒரு விருந்தாளியைக் கூட்டி வந்தான். திருப்பூணித்துறையில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். தமிழைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"உங்களுக்கு ஊர் ஏதாக்கும்?"

"கம்பம் சார்."

"கம்பத்துல எவடெ? எந்தத் தெரு?"

சொன்னேன். எங்கள் தெருவின் பெயரிலேயே எங்கள் சாதி இருக்கிறது. அடுத்து நான் குடித்துவிட்டு நீட்டிய கிளாஸை அவர் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். வேறு கிளாஸ் உண்டா என்று ஜோஜியிடம் மலையாளத்தில் கேட்டார். மனிதருக்குச் சளி பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்து ஜோஜி ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்தான்.

எங்கள் ஊர் டீக்கடையில் அப்பாவுக்குத் தனிக் கிளாஸ். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியில் போவேன். அந்த எழவெல்லாம் மலை தாண்டி வராது என்று நம்பித்தான் இங்கே பிழைக்க வந்தேன். அது என் தாய்மொழியைப் பேசிக்கொண்டே வந்து சேர்ந்தது.

அவர் போனதும் ஜோஜி என் தோளில் கை போட்டான். முகம் நிறையச் சந்தோஷம்.

"அண்ணாச்சிக்கு தமிழ் பறயான் ஒராளாயல்லோ! இனி எல்லா ஞாயறாழ்ச்சயும் புள்ளிக்காரனெ விளிக்காம்."

எனக்குத் தமிழ் பேசத் துணை கிடைத்துவிட்டதாம், வாராவாரம் அவரை அழைப்பானாம். நான் கற்றிருப்பது சுக்கு விற்கிற அளவு மலையாளம். நடந்ததைச் சொல்ல அதில் வார்த்தை இல்லை. "ஆயிக்கோட்டே," ஆகட்டும் என்று தலையாட்டினேன். பாட்டிலில் மிச்சமிருந்ததை ஜோஜி, என் வாய் பட்ட கிளாஸிலேயே ஊற்றி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.