வீட்டுப் பாத்தி

விவசாயப் போதனாசிரியையாக இருந்து போன வருஷந்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அச்சுவேலியில் சிவராசா அண்ணையின் தோட்டத்தில் அயல் தோட்டக்காரருக்கு வகுப்பு. பூச்சிமருந்து அடித்தால் இரண்டு கிழமை, பதினாலு நாள், பொறுத்துத்தான் காயை ஆய்ந்து பறிக்க வேண்டும் என்பது பாடம். நான் சொன்னால் கொட்டாவி விடுகிற சனம், அண்ணை சொன்னால் கேட்கும். அதனால் எப்போதும் அவரையே பேச விடுவேன். அன்றைக்கும் வெளுத்து வாங்கினார்.

"மருந்து முறியமுதல் ஆய்ஞ்சு விக்கிறவன் என்ரை கூடப்பிறந்தவன் எண்டாலும் இந்தப் படலை தாண்டக்கூடாது."

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் கதைப்பார். கொக்குவிலில் கலியாணம் கட்டியிருக்கும் மகள், கைக்குழந்தைக்காரி.

"அப்பா, உங்கடை பயித்தங்காய் இஞ்சை கடைக்கு வந்திருக்கு. நேற்று நீங்கள் அனுப்பினதாம். தம்பிக்கு அவிச்சு மசிச்சு வைச்சிருக்கிறன், இப்ப தீத்தப்போறன்."

"ஐயோ பிள்ளை, குடுக்காதை, கொட்டு. முந்தநாள்தான் மருந்தடிச்சது. வாயிலை வைச்சவனோ? சொல்லு, வைச்சவனோ?"

"இல்லையப்பா, இன்னும் இல்லை."

அண்ணை அப்படியே வரம்பில் குந்திவிட்டார். தெரியாமல் செய்கிறார்கள், சொல்லிக் கொடுத்தால் திருந்துவார்கள் என்று நம்பி இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். வெளிவேஷம் என்றால் பொய் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மனிசன் பொய் சொல்லவில்லையே. சொன்ன அவ்வளவையும் தன் பேரனுக்கு மட்டும் மனசார நம்பினார்.

"அண்ணை, அந்தக் கடையிலை மற்றப் பிள்ளையளுக்கும் வாங்குவினந்தானே?" என்றேன்.

வந்திருந்தவர்களில் யாராவது அவரை ஏசுவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள்.

நான் வெளிக்கிடும்போது அண்ணையின் மனைவி வழக்கம்போல ஒரு பை காய் கொண்டுவந்து நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

"பயப்பிடாமல் கொண்டுபோங்கோ மிஸ். இது எங்கடை சமையலுக்கெண்டு வைச்ச வீட்டுப் பாத்தியிலை ஆய்ஞ்சது, உதுக்கு நாங்கள் மருந்தே அடிக்கிறேல்லை. இஞ்சை எல்லா வீட்டிலையும் அப்பிடித்தானே?"

அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில், "உங்கடை வீட்டுப் பாத்தி எங்கை?" என்று கேட்பேன். கை காட்டும்போதே முகம் மாறிவிடும். பிள்ளைகளே, நீங்களும் அதை முதலில் கேளுங்கள். பாடத்தைப் பிறகு நடத்தலாம்.