போலிஷ் நேரத்தில் ஒரு வயலின்

போன சனிக்கிழமை மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் ஒருத்தி சதகுப்பைக் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் சதகுப்பை என்றால் பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற சரக்கு. ஆம்பிளைகளுக்கு அதோடு ஒரு சோலியும் இல்லை. எனக்கோ அது ஒரு போலிஷ்காரர், ஒரு மைக், ஒரு போத்தல் வெள்ளரிக்காய் ஊறுகாய். பின்னால் வந்த மனிசி தள்ளுவண்டிலால் என் குதிக்காலில் ஒரு இடி இடித்துவிட்டு "பார்தோன்" என்றாள். இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

இந்தக் கதையை உங்களுக்கு முந்தியே சொல்லியிருக்கவும் கூடும். சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளும் பொறுத்துக்கொள்கிறாள், இடையிடையே பிரெஞ்சில் பெருமூச்சு விடுகிறாள், அவ்வளவுதான்.

எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கிய புதிதில் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் எனக்கு வேலை. போத்தல்களுக்கு லேபல் ஒட்டுவது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பன்னிரண்டு வருசம் கிளாக்கராக இருந்தவன், முத்திரை கோணாமல் ஒட்டிப் பழகிய கை. அதே களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய போலிஷ்காரர் மரெக். கப்பலில் வேலை பார்த்தவர். போலந்தில் பட்டாளம் றோட்டுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, மொன்றியல் துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. என்னிலும் இரண்டு வயது மூப்பு, ஆகவே நான் அவரை அண்ணை என்றேன். அது ஏதோ தமிழ் வணக்கமாக்கும் என்று நினைத்து அவரும் என்னை அண்ணை என்றார். ஒருநாள் வண்டியை நிறுத்தி என் போத்தல் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன்ரை கை நடுங்கேல்லை," என்றார். "ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்யிறாய்?"

"உடுப்புத் தோய்க்கிறன்."

"பேந்து தோய். வானொலிக்கு வா."

அவர் கேட்டது உடைந்த இங்கிலிஷில்தான். அதை அப்படியே எழுதினால் கதைத்த அவருக்கும் மரியாதை இல்லை, விளங்கிக்கொண்ட எனக்கும் மரியாதை இல்லை. எங்கடை தமிழிலேயே போகட்டும்.

வானொலி நிலையம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்காதீர்கள். ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருக்கும். ஞாயிறு காலையில் கிரேக்கர் வந்து போவார்கள், பிறகு போர்த்துக்கீசர், பதினொரு மணிக்குப் போலிஷ்காரர், பன்னிரண்டுக்கு ஹெயிட்டிக்காரர். ஒருவர் சூடாக்கிய கதிரையில் அடுத்தவர் இருப்பார். போலிஷ் நேரம் என்பது மரெக் ஒருவர்தான். செய்தி, கடிதம், சொசேஜ் கடை விளம்பரம் எல்லாம் அவர் வாய். இசைத்தட்டுப் போட வைத்திருந்தவன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். அப்பவே எல்லாரும் ரொறன்ரோவுக்குத்தான் போனார்கள். எனக்குப் போலிஷில் ஒரு சொல்லும் தெரியாது என்றேன். அது நல்லது என்றார். விளங்கினால் சிரிப்பு வரும், சிரித்தால் ஊசி ஆடும்.

பதினொன்றரை மட்டில் மரெக் ஊறுகாய்ப் போத்தலை மூடுவார். அதிலிருந்துதான் அந்தச் சதகுப்பை மணம். கையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்து மேசையில் நிறுத்துவார். கட்டைத் தலைமயிரோடு ஒரு பெண். படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸில் சிவப்புப் பூ. பிறகு நிமிர்ந்திருந்து ஒரு தாளைப் பார்த்து மெல்ல மெல்லப் பெயர்கள் வாசிப்பார். கடைசியில் குரல் இறங்கும். "ஹலினா" என்பார். ஒரு விரலை உயர்த்துவார், நான் தட்டுப் போட வேண்டும். எந்தத் தட்டு என்று அவர் சொல்வதில்லை. சிகரெட்டோடு படிக்கட்டுக்குப் போய்விடுவார்.

நான் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவன். எங்கள் வீட்டில் வானொலியில் அது போகிற நேரம் சோறு குழைத்த கையும் அப்படியே நிற்கும். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயும் என்று ஒரு ஊரையே வாசித்து முடிப்பார்கள். படம், பூ, பெயர்ப் பட்டியல், தழுதழுத்த குரல். ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? என்றாலும் சென்ட் மிஷேலில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் யோசேப்பு அண்ணையிடம் ஒரு வார்த்தை கேட்டேன். கத்தோலிக்கர் விசயம் கத்தோலிக்கருக்குத்தானே தெரியும்.

"அது செத்த ஆத்துமாக்களின்ரை பேர் வாசிக்கிறது," என்றார் அவர், சட்டியிலிருந்து தலை நிமிராமல். "எங்கடை கோயிலிலும் நவம்பரிலை வாசிக்கிறவை. பூ வைச்ச படம் எண்டா வேறை என்ன? பாவம், பெண்சாதி."

உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்களாவது என்னைப்போல முட்டாளாக இருக்க வேண்டாம். போலிஷ்காரருக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள் பெரிது. கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் உண்டு, அந்தப் பெயர்க்காரருக்கு அன்று வாழ்த்து. மரெக் வாசித்தது அந்தக் கிழமைக்குரிய வாழ்த்து. படத்தில் இருந்த ஹலினா போலந்தில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் பல் வைத்தியர் ஒருவருக்கு உதவியாளராக உயிரோடு இருந்தார். புருசன் ஓடிப்போனவன் என்பதால் அவருக்குக் கடவுச்சீட்டுக் கொடுக்கவில்லை. அவர் கேட்பார், இல்லை என்பார்கள், மறுபடி கேட்பார். அவர் வந்து சேரும்வரை கிழமைக்கு ஒருதரம் பெயர்நாள் வாழ்த்துச் சொல்வதென்று மரெக் நேர்ந்திருந்தார். அந்த வானொலி லவால் பாலம் தாண்டினாலே இரையும். போலந்துக்கு எங்கே கேட்கப்போகிறது?

இதொன்றும் அறியாத நான் தட்டுப் பெட்டியைக் கிளறி, நீல லேபல் ஒட்டிய ஒரு வயலின் தட்டைக் கண்டுபிடித்தேன். அழுதால் அப்படித்தான் அழவேண்டும். பிணம் தூக்குகிற நேரத்துக்கென்றே வாசித்தமாதிரி மூன்று நிமிசம். ஞாயிறுதோறும் வாழ்த்து முடிந்த கையோடு அதைப் போட்டேன். வெள்ளைச் சேட்டு உடுத்துக்கொண்டு போனேன். மரெக் படிக்கட்டிலிருந்து திரும்பி வந்து என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார், தோளில் கை வைப்பார். அடுத்த கிழமை எனக்கென்று பீற்றூட் சூப் கொண்டுவருவார். தன் துக்கத்திலும் என் வயிற்றை யோசிக்கிறாரே என்று ஒரு சொட்டு விடாமல் குடிப்பேன். நானும் சும்மா இருக்கலாமா? யோசேப்பு அண்ணையிடம் பிளாஸ்ரிக் மல்லிகைச் சரம் ஒன்று இருந்தது.

"மாதாவுக்குப் போட்டது," என்றார். "கொண்டுபோ. மாதா குறை நினைக்கமாட்டா."

அதை ஹலினாவின் படத்துக்குப் போட்டேன். மரெக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று பட்டியலை இரண்டுதரம் வாசித்தார்.

இப்படி ஒன்பது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை மரெக் ஃபோர்க்லிஃப்டை நடுவழியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் தந்தி.

"ஹலினா வாறா. வெள்ளிக்கிழமை. மிராபெல்லுக்கு."

நான் கையிலிருந்த லேபலைக் கோணலாக ஒட்டினேன். அந்த வேலையில் நான் கோணலாக ஒட்டியது அது ஒன்றுதான். மனிசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இரவு யோசேப்பு அண்ணைக்குச் சொன்னேன்.

"தனிய விடாதை," என்றார். "வராத ஆளைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கை மனிசனுக்கு ஏதும் நடந்திடும்."

அரை நாள் லீவு போட்டுக்கொண்டு மரெக்கோடு மிராபெல் விமான நிலையத்துக்குப் போனேன். ஒரு ஃபிளாஸ்கில் சுக்குக் கோப்பி, நெஞ்சில் தடவ ஒரு சின்னப் போத்தல் தைலம். ஒரு வருசத்துக்கு முன் நான் வந்து இறங்கியதும் அதே மண்டபத்தில்தான். அன்று என்னைக் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை. மரெக் பூங்கொத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "கடைசி நிமிசத்திலையும் பிளேனாலை இறக்கிப்போடுவாங்கள், அண்ணை," என்றார், "உனக்கு அவங்களைத் தெரியாது." கதவு திறக்கும், யாரோ ஓடி வருவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், போவார்கள். கதவு மூடும். சனம் குறைந்துகொண்டு வந்தது. விழுந்தால் பிடிப்பதற்காக நான் அவருக்குப் பின்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக ஒருத்தி வந்தாள். மண்ணிறச் சூட்கேஸ், கயிற்றால் கட்டியது. தலைமயிர் வளர்ந்திருந்தது. மரெக் அசையவில்லை, கண்ணில் தண்ணீர் நிறைந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது மாதம் மாலை போட்டுக் கும்பிட்ட முகம், எனக்குத் தெரியாதா?

"அண்ணை," என்றேன், "அவ வாறா."

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பாதி நினைவில்லை. செத்தவர் எனக்குக் கைலாகு கொடுத்தார், கை சூடாக இருந்தது. தைலம் எனக்குத்தான் உதவியது.

திரும்பி வரும்போது காரில் ஹலினா என்னைப் பார்த்து மரெக்கிடம் ஏதோ கேட்டார். மரெக் தாழ்ந்த குரலில் நீளமாகச் சொன்னார். ஹலினா பின்சீற்றுக்குக் கை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை.

"உன்ரை செத்த ஆளுக்காகக் கவலைப்படுறா," என்றார் மரெக். "ஆர், அம்மாவோ? நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை. கேக்கிறது சரியில்லை எண்டு விட்டிட்டன்."

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லையே, அண்ணை."

"அப்ப ஏன் ஒவ்வொரு கிழமையும் அந்த வயலின்?"

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாழ்த்து முடிந்ததும் ஒப்பாரி. வேறு யாரும் என்றால் ஏசியிருப்பார். இவன் ஊரில் சண்டை, யாரையோ பறிகொடுத்திருக்கிறான், கிழமைக்கு மூன்று நிமிசம் அழுதுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார். நான் அவருக்காக அழுதேன், அவர் எனக்காகச் சூப் வைத்தார். வெட்கத்தை விட்டு முழுவதையும் சொன்னேன், மாலை உட்பட. மரெக் மொழிபெயர்த்தார். முடிக்கிறபோது லவால் வந்துவிட்டது.

"அப்ப எனக்கு எத்தினை தரம் செத்த வீடு நடந்தது?" என்று ஹலினா கேட்டார்.

கிளாக்கர் புத்தி, உடனே கணக்குப் பார்த்தேன். "முப்பத்தெட்டு," என்றேன்.

ஹலினா சிரிக்கத் தொடங்கினார். பாலம் தாண்டியும் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு இரண்டும் ஒன்றாக.

அடுத்த ஞாயிறு பாவத்துக்குப் பரிகாரமாக வாழ்த்து முடிந்ததும் நல்ல துள்ளல் தட்டாகப் பார்த்துப் போட்டேன். தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எங்கடை பெயர்நாள் வயலின் எங்கே என்று கிழவிகள் கேட்டார்கள். ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாவாம். ஒன்பது மாதத்தில் மொன்றியல் போலிஷ்காரருக்கு அந்த ஒப்பாரி என்றாலே பெயர்நாள், பலகாரம், விருந்தாளி என்று ஆகிப்போயிருந்தது. மறுபடி அதையே போட்டேன். நிலையத்தை விற்கும்வரை பதினாலு வருசம் போட்டேன். இடையில் ஊரில் அம்மா உண்மையாகவே போய்விட்டா. சண்டைக்குள் ஊருக்குப் போக வழியில்லை. வீட்டில் தனியே இருந்து அந்தத் தட்டைப் போட்டுப் பார்த்தேன். அழுகை வரவில்லை, ஹலினா கயிறு கட்டிய சூட்கேஸோடு வெளியே வருவதுதான் தெரிந்தது. அதற்காக எனக்கு என்மேல் நெடுநாள் கோபம் இருந்தது.

மரெக் போனது ஒரு பனிக்காலத்தில். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லாரும் கூடியிருந்தோம். மேசையில் அவர் படம், சிவப்புப் பூ, அந்தப் பழைய பிளாஸ்ரிக் மல்லிகை. ஹலினா என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். ஊசியை இறக்கினேன். இந்தத் தட்டு கடைசியில் தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். முதல் இழுப்பிலேயே கிழடுகள் எல்லாம் நிமிர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கைகொடுத்தார்கள். பின்னால் யாரோ ஒருவர் கிளாஸை உயர்த்தி, அவர்கள் பெயர்நாளுக்குச் சொல்கிற வாழ்த்தைப் படத்தைப் பார்த்துச் சொன்னார்: நூறு வருசம். மண்டபம் முழுக்க அதையே சொன்னது. அழுதவன் நான் ஒருவன்தான்.

சப்பாத்துக் கடையும் மாடியும் இருந்த இடத்தில் இப்போது யோகா சொல்லிக்கொடுக்கிறார்கள். மிராபெல் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். யோசேப்பு அண்ணையும் ரொறன்ரோவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். தட்டு என்னிடம் இருக்கிறது, போட்டுக் கேட்க மெசின் இல்லை.

ஹலினா முதியோர் இல்லத்தில் இருக்கிறார், கண் தெரியாது. ஞாயிறு பதினொன்றரைக்குச் சதகுப்பையோடு போவேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொள்வார். சுவரிலிருந்து போலிஷ் கலண்டரைக் கழற்றி அந்தக் கிழமைப் பெயர்களை வாசிப்பேன். என் உச்சரிப்பு இன்னும் பிழையாம். கடைசியில் கலண்டரில் இல்லாவிட்டாலும் ஒரு பெயர் சேர்ப்பேன்.

"ஹலினா."

"இன்னும் சாகேல்லை, அண்ணை," என்பார்.

பிறகு ஒரு மூன்று நிமிசம் இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை.