சம்பந்தியம்மாவின் படகு மோட்டார்

படகுத்துறையில் அவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். கரண்ட் அளக்கும் மஞ்சள் மீட்டர் ஒன்று எப்போதும் கயிற்றில் அவர் கழுத்தில் தொங்கும். படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்களில் வயரிங் கோளாறு பார்ப்பது அவர் தொழில். "பேட்டரி போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்று யாராவது வாய் திறந்தால் போதும், "நினைக்கிறது எதுக்குங்க, அளந்தே பாத்துடலாமே" என்பார். தலை சுற்றுகிறது என்று சொன்னால்கூட எத்தனை சுற்று என்று கேட்கிற மனுஷன் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

இப்படிப்பட்டவருக்குச் சம்பந்தியாக வாய்த்த அம்மாள் ஒரு படகோட்டி. கழிமுகத்தின் இரு கரைகளுக்கும் இடையே ஆள் ஏற்றிப் போகிறவர். அவர் மகனுக்கு மீட்டர்காரர் தம் மகளைக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் தடவை சம்பந்தி வீட்டுக்கு விருந்தாளியாகப் போனபோதே இவர் கை சும்மா இருக்கவில்லை. வைத்த டீ ஆறிப்போக, கூடத்தில் இருந்த பிளக் பாயிண்ட் ஒன்றுவிடாமல் சோதித்துவிட்டு, "சம்பந்தியம்மா, மூணாவது லூஸா இருக்கு" என்று அறிவித்தார். அதற்குப் பிறகு அவர் வருகிறார் என்றாலே அந்தம்மா பரீட்சைக்குப் போகும் பிள்ளைபோல ஆகிவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தம்மாவிடமிருந்து போன்.

"சம்பந்தி, தொந்தரவுக்கு மன்னிக்கணும். சாவியத் திருப்பினா டக்குனு ஒரு சத்தம், அதோட சரி. படகுல பதினாலு பேர் உக்காந்திருக்காங்க. பேட்டரிதான்னு நான் நினை..." யாரிடம் பேசுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது போலும். "நீங்களே வந்து பாத்துடுங்க."

அவர் போய்ச் சேர்வதற்குள் படகில் இருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களில் தையல்காரர் ஒருவருக்கு மோட்டாரைப் பற்றித் தெரியாதது எதுவுமே இல்லை.

மீட்டர்காரர் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவதற்கென்று இருக்கும் சிவப்புக் கயிறு, மாட்ட வேண்டிய இடத்தில் சரியாக மாட்டியிருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"அப்ப பேட்டரி நல்லா இருக்கு" என்றார் தையல்காரர்.

"ஓய்வா இருக்கும்போது எல்லாரும் நல்லாத்தான் இருப்போம். வேலை குடுத்தாத்தானே தெரியும். சம்பந்தியம்மா, சாவியத் திருப்புங்க."

அந்தம்மா திருப்பினார். டக். மீட்டர் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி தெம்பாகத்தான் இருந்தது. அதன் சக்தி மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை மோட்டாரின் இரும்பு உடம்பிலும் வைத்து, மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். வயர் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் மீட்டர் ஒன்றும் காட்டக் கூடாது. எட்டு காட்டியது.

"எட்டு வோல்ட்டு வழியிலயே காணாமப் போகுது" என்றார்.

"யார் எடுத்தது?" என்று தையல்காரர் கேட்டார்.

"அதத்தான் பாக்கப் போறேன்" என்று தெம்பாகச் சொல்லிவிட்டு, பேட்டரி மைனஸிலிருந்து வரும் கறுப்பு வயர் மோட்டாரில் சேரும் இடத்துக்குக் குனிந்து போல்ட்டைக் கழற்றினார். கழற்றியவர் நிமிரவே இல்லை.

வயரின் நுனிக்கு அடியில், பளபளவென்று நீலப் பெயிண்ட். யார் அடித்த பெயிண்ட் என்று அவருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால், சம்பந்தி வீட்டு மோட்டார் இப்படி நிறம் மங்கிக் கிடக்கலாமா என்று வலியப் போய் வயர்களைக் கழற்றி, இரண்டு கோட்டிங் அடித்துக் கொடுத்தவர் அவரேதான். வயரைத் திரும்ப மாட்டும்போது அடியில் இருந்த பெயிண்ட்டைச் சுரண்ட மறந்துவிட்டார். இத்தனை நாள் போல்ட்டின் மரை வழியாக ஏதோ ஓடியிருக்கிறது. அதிர்வில் அதுவும் தளர்ந்துவிட்டது.

உப்புக்காற்றுத் துரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படகில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டியிருப்பார்கள், தையல்காரர் உட்பட. மீட்டர்காரருக்கு அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. போல்ட்டும் கையுமாக நிமிர்ந்தார்.

"சம்பந்தியம்மா, தப்பு என்னோடது. பெயிண்ட் மேலயே வயர மாட்டிட்டேன்."

அந்தம்மா குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவருக்குத் தோள் குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. ஒன்றரை வருஷமா நீங்க வர்றீங்கன்னா நான் முன்னாடியே எல்லா பிளக்கையும் ஆட்டிப் பாத்து வச்சுடுவேன். இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கு."

"எனக்கு இல்லையே" என்றார் அவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அதற்கும் அந்தம்மா சிரித்தார்.

உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தார். வயரை வைத்து இறுக்கிவிட்டு மீட்டரை எடுக்கப் போனார். அதற்குள் அந்தம்மா சாவியைத் திருப்பிவிட்டார். மோட்டார் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"நான் இன்னும் அளக்கலையே" என்றார்.

"ஓடுதுல்ல. உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

சம்பந்தியம்மா சொல்லி மறுக்க முடியுமா? தையல்காரர் நகர்ந்து இடம் கொடுக்க, அவர் உட்கார்ந்தார். எதிர்க்கரையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. போய் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே படகில் திரும்பி வந்தார்.