கழியில் தொங்கிய வெள்ளைக் கவுன்

எங்கள் தோட்டத்துப் புகைக் காம்பராவின் கதவைத் திறந்தால் முதலில் கண் எரியும். எரிச்சல் அடங்கிய பிறகுதான் உள்ளே இருக்கிற அழகு தெரியும். தரையிலிருந்து கூரைவரை மூங்கில் கழிகள். ஒவ்வொரு கழியிலும் ரப்பர் சீட்டுகள், காயப்போட்ட துணி மாதிரி இரண்டாக மடிந்து தொங்கும். முதல் நாள் வெள்ளை. இரண்டாம் நாள் பழுத்த இலையின் நிறம். நான்காம் நாள் தேன். கதவு வழியாக வெயில் உள்ளே விழுந்தால் ஒவ்வொரு சீட்டுக்குள்ளும் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் இருக்கும். சண்முகநாதன் அண்ணன் பதினான்கு வருஷம் அந்தத் தேனுக்குள் இருந்தார். அதில் பதினொரு மாதம் வெளியே வரவே மறந்துபோனார். அந்தப் பதினொரு மாதத்தின் கதைதான் இது.

யட்டியாந்தோட்டையிலிருந்து ருவான்வெல்லை போகிற பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் மேலே ஏறினால், ரப்பர்ப் பாலைச் சீட்டாக்குகிற எங்கள் ஸ்டோர். நான் அங்கே ரோலரில் வேலை செய்தேன். உறைந்த பாலை ரோலரில் அழுத்திச் சீட்டாக்கி, தண்ணீர் வடியவிட்டு அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கு மேல் அவர் பாடு. நெருப்பு கூடினால் சீட்டில் கொப்புளம் வரும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அண்ணன் சூட்டைப் புறங்கையால் பார்ப்பார். கதவு இடுக்கில் கையை வைத்து, கண்ணை மூடி, மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு ஒரு கட்டையைத் தள்ளுவார், அல்லது ஒன்றை இழுப்பார். அவ்வளவுதான். சீட்டை இறக்கும்போது ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடிப்பார். குமிழி இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்த்து, "ஒண்ணாம் நம்பர்" என்பார். அவர் கையால் இறங்கியது பெரும்பாலும் ஒன்றாம் நம்பர்தான். அதில் அவருக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கு அந்தத் திமிரைப் பிடிக்கும், வெளியே சொன்னதில்லை.

முன்பெல்லாம் அவருக்கும் கன்னையா மாமாவுக்கும் ஆளுக்கொரு முறை, பகல் ஒருவர், இரவு ஒருவர். தொண்ணூற்றேழு கடைசியில் மாமா வயது நிறைந்து வேலையை விட்டார். ஸ்டோருக்குப் பொறுப்பான மாத்தயா வந்து அண்ணன் தோளில் கைபோட்டு, "டிக தவசக் விதரய், சண்" என்றார். கொஞ்ச நாளைக்குத்தான் இரண்டு முறையையும் நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். அண்ணனும் தலையாட்டினார்.

ஆள் வராமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் வந்தவன் ஈரக் கட்டையை அடுப்பில் வைத்தான், அண்ணன் அன்றைக்கே அவனைப் பால் வெட்ட மலைக்கு அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் போனவன் நான்.

"ஒனக்கு மூக்கு சரியில்ல ராமச்சந்திரா," என்றார்.

"மூக்கு மூஞ்சிலதானே அண்ணே இருக்கு?"

"இருக்கு. பீடி வாடை தவிர ஒண்ணும் ஏறாது. போ, ரோலரைச் சுத்து."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. சீட்டை வாசலில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவர் வீடு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. மனைவி புஷ்பவதி பால் வெட்டப் போகிறவர். ஒரே பிள்ளை ஷாமிளா, அப்போது ஒன்பது வயது. முதலில் பிள்ளைதான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும். புகையில் இருமுகிறாள் என்று அண்ணன் உள்ளே வரவேண்டாம் என்றார். அதிலிருந்து சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி கூப்பிடுவாள்.

"அப்பா, சோறு!"

"வெய் புள்ள."

"என்ன கறின்னு கேக்கலியே?"

"என்ன கறி?"

"பலாக்காய்."

"நல்லது. போய்ப் படி."

அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச்சு. சுவர் சூடாக இருக்கும். பிள்ளை அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் பேசும், நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் அண்ணனும் கையை வைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

போகப்போக அவர் நின்றபடியே தூங்கத் தொடங்கினார். நான் சீட்டோடு போனால், கழியைப் பிடித்தபடி கண் மூடி நிற்பார். கண் திறந்தால் எங்கேயோ தூரத்திலிருந்து திரும்பி வருகிற ஆள் மாதிரி இருக்கும். ஒருநாள் மத்தியானம் அவராகவே சொன்னார்: "இந்தச் சீட்டெல்லாம் ஒரு வீட்டுத் திரை மாதிரி இருக்கு ராமச்சந்திரா. ஒண்ண வெலக்கினா இன்னொண்ணு. உள்ளுக்குள்ள எங்கியோ புள்ள படிக்கிற சத்தம் கேக்குது. வெலக்கிக்கிட்டே போறேன், காம்பரா முடியவே மாட்டேங்குது." கனவா என்று கேட்டேன். "தெரியல," என்றார். சொல்லிவிட்டுச் சீட்டைப் புரட்டப் போய்விட்டார்.

புஷ்பவதி அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. பால் நிறுக்க வந்த ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"இந்தாங்க, ரப்பர் மரத்தைக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்றோம். தெனம் வெட்டினா பட்டை காஞ்சு போவும். அப்புறம் தங்கக் கத்தி வெச்சாலும் ஒரு சொட்டு வராது. தெரியுமில்ல?"

"நான் மரமா?"

"மரமா இருந்தா எல உதுர்ற மாசத்துலயாவது லீவு கெடைக்கும்."

நிறுவைக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்தவர் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஐப்பசியில் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா வந்தது. ஷாமிளா சிங்களப் பாடத்தில் முதலாவது. தமிழிலும் சிங்களத்திலும் வரவேற்புச் சொல்ல அவளைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பிள்ளை கேட்டது.

"அப்பா, நீங்க வருவீங்களா?"

"வர்றேன் புள்ள."

அந்த வருஷத்தில் அவர் சொன்ன நான்காவது "வர்றேன்" அது. தேர்த் திருவிழாவுக்குச் சொன்னார், காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்குச் சொன்னார், பிறந்தநாளுக்குச் சொன்னார். மூன்றுக்கும் போகவில்லை. பிள்ளை போன பிறகு அக்கா சுவரில் வாயை வைத்துச் சொன்னது எனக்கும் கேட்டது.

"இந்தத் தடவையும் வரலைன்னா அவ அழ மாட்டா. இனிமே கேக்கவே மாட்டா. அதுக்குத்தான் எனக்குப் பயம்."

உள்ளே கட்டை வெடிக்கிற சத்தம்தான் கேட்டது. தூங்கிவிட்டாரோ என்னவோ.

எங்கள் பக்கத்து ஐப்பசி எப்படியென்றால், விடிகாலையில் மரம் வெட்ட விடும், மத்தியானம் வானம் அப்படியே கீழே இறங்கிவிடும். ஒரு துணி காயாது. அந்த நாட்களில் லயமே ஸ்டோருக்கு வரும். புகைக் காம்பராவின் அடுப்புச் சுவருக்கு வெளியே ஒரு கம்பி கட்டியிருக்கிறது. பிள்ளைத் துணி, போர்வை எல்லாம் அதில் தொங்கும். தோட்டத்துத் துரை பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார். யார் துணி எது என்று அண்ணனுக்கு அத்துப்படி. காய்ந்ததும் மடித்து வைத்திருப்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா துவைத்துப் பிழிந்த புதுக் கவுனைக் கொண்டுவந்து கொடுத்தார். விழாவுக்கென்று தைத்த வெள்ளை யூனிபோம். பழையது முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, அக்குளிலும் கிழிசல்.

"வெளிக் கம்பியில போடுங்க. காலையில வந்து எடுத்துக்கிறேன்."

"சரி."

"நாளைக்கு ஒம்போது மணி."

"சரின்னேனே."

கம்பியில் அன்றைக்கு இடம் இல்லை. கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் உள்ளே போனார், மறுநாள் இறக்கவேண்டிய சீட்டுகளைப் புரட்டிப்போட. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன். புகைக்குள் அவர் தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி மெதுவாக நடந்தார். ஒரு கழி, ஒரு சீட்டு, அடுத்த கழி. வெளியே வரும்போது அவர் தோளில் கவுன் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. பொய் சொல்வானேன்.

வெள்ளி காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தோம். அவர் ஒவ்வொன்றாக இறக்கி, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். ஒண்ணாம் நம்பர். ஒண்ணாம் நம்பர். பத்தோ பன்னிரண்டோ போயிருக்கும். அடுத்ததை விரித்தார். அதற்கு இரண்டு கை இருந்தது, கழுத்து இருந்தது, முதுகில் பொத்தான் வரிசை இருந்தது. பால் ஊற்றாத தேநீரின் நிறம். அண்ணன் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு மூலையை விரலால் தடவினார். குமிழி தேடினார்.

"ஒண்ணாம் நம்பர்," என்று என்னிடம் நீட்டினார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணே," என்றேன். "இது புள்ளையோட கவுன்."

கை கழியிலேயே நின்றது. திரும்பிப் பார்த்தார். கவுனை வாங்கி மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அடுப்பு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாத்தேனே ராமச்சந்திரா. நல்லாத்தானே பாத்தேன்?"

அந்த நேரத்துக்கு அக்காவும் பிள்ளையும் குடையோடு வந்தார்கள். அக்கா கவுனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைதான் கிட்டே போய்க் கவுனை வாங்கி மோந்து பார்த்தது.

"அப்பா வாடை," என்றது.

மழைத் தண்ணீர் தகரத்திலிருந்து சொட்டியது.

"நான் இதையே போட்டுக்கிறேன். ஆனா நீங்க வரணும்," என்றாள் ஷாமிளா. "நீங்க வந்தாதான் டீச்சர்கிட்ட சொல்ல முடியும், எங்கப்பா காயவெச்சதுன்னு. வரலைன்னா நான் பொய் சொல்றேன்னு நெனைப்பாங்க."

அண்ணன் நெருப்பைப் பார்த்தார். அதைப் பதினொரு மாதம் யார் கையிலும் கொடுக்காதவர். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு மூக்கு இல்லியே."

"கை இருக்கில்ல," என்றேன் கோபமாக.

அவர் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். என் புறங்கையைக் கதவு இடுக்கில் வைத்து அழுத்திப் பிடித்தார். அந்தச் சூட்டை இன்றைக்கும் என் கை வைத்திருக்கிறது. காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையின் நெற்றி மாதிரி. "இதுதான். இதுக்கு மேல ஏறினா ஒரு கட்டையை இழு. கீழ எறங்கினா ஒண்ணு தள்ளு. அவசரப்படாத." கையை விட்டுவிட்டு, தண்ணீர் விழுகிற பீலியில் முகத்தைக் கழுவப் போனார்.

மூன்று பேரும் ரப்பர் மலைக்கு நடுவே இறங்கிப் போனதை ஸ்டோர் வாசலில் நின்று பார்த்தேன். மழை விட்டு மரங்களுக்கிடையில் வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தேன் நிறக் கவுன் முன்னே போனது. அவர் பின்னால், கால் தரையில் படுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறவர்போல் நடந்தார். வெகுநாளாகக் காலை வெளிச்சத்தில் நடக்காத மனிதர். வளைவில் பிள்ளை நின்று கையை நீட்டியது. அதற்கப்புறம் ஆவி மறைத்துவிட்டது.

விழாவில் நடந்தது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கவுனைப் பார்த்து டீச்சர் புருவத்தைத் தூக்கியதும் ஷாமிளா, "மழை டீச்சர். எங்கப்பா காயவெச்சாங்க, அதோ அந்தா உக்காந்திருக்காங்க" என்று கையைக் காட்டினாளாம். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். பிள்ளை இரண்டு பாஷையிலும் தடுமாறாமல் வரவேற்புச் சொன்னது. மண்டபமே புகை மணந்ததாம். அண்ணன் கடைசிச் சொல்வரை விழித்திருந்தார். கைதட்டிய பிறகுதான் தூங்கினார், நாற்காலியிலேயே, வாயைத் திறந்துகொண்டு. பிள்ளை பரிசுப் புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதாம், அவர் எழும்பும்வரை.

என் நெருப்பில் வெந்த சீட்டை அடுத்த நாள் அவர் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் ஐந்தாறு குமிழி. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"ரெண்டாம் நம்பர்," என்றார். ஒரு குமிழியை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "ரெண்டாம் நம்பரும் ரப்பர்தான். நாளையிலேருந்து ஒரு முறை ஒனக்கு. மாத்தயாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அப்படித்தான் நான் ரோலரை விட்டுப் புகைக்கு வந்தேன். முதல் இரண்டு வாரம் அண்ணனுக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து எங்கள் புகைக்கூண்டையே பார்ப்பாராம். மூன்றாம் வாரம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனார். அதற்குப் பிறகு என் முறையில் ஸ்டோர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானே துரத்தியிருப்பேன்.

போன வருஷம், இரண்டாயிரத்து ஒன்பது ஆவணியில், ஷாமிளாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு குருவிட்டப் பக்கம். அன்றைக்கு நெருப்பு என் முறை. கட்டையை அடக்கி வைத்துவிட்டு ஓடினேன். குளித்தும் புகை போகவில்லை, குருவிட்டக்காரர்கள் மெதுவாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். போனால் போகிறார்கள்.

நான் போன நேரம், தட்டில் வந்த கூறைச்சேலையை அண்ணன் பிரித்துக்கொண்டிருந்தார். கை தன்னாலே ஏறி அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தது. சிவப்பு முழுக்க அவர் முகத்தில் விழுந்தது.

மணப்பெண் பார்த்துவிட்டது.

"அப்பா, என்ன நம்பர்?"

அண்ணன் சேலையை இறக்கினார். கூட்டத்தில் நான் எங்கே என்று தேடி என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"அதெல்லாம் தெரியாது புள்ள. இன்னைக்கு எனக்கு வேலை இல்ல."