அண்ணன் சேர்த்துக்கொண்ட ஐந்தாம் ஆள்

வேலாயுதம் அண்ணனின் சாவுச் செய்தி எனக்கு முதலில் ஒரு படமாகத்தான் வந்தது. திருப்பதியில் என் கடை வாசலில் மாங்காய் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் இறக்கிக்கொண்டிருந்தோம். போன் சிணுங்கியது. படத்தில் இரண்டு பைக்குகள், முகத்தில் கர்ச்சீப் கட்டிய ஆட்கள். பங்காருபாளையத்திலிருந்து சித்தூர் போகும் வழியில் டீக்கடையில் நின்றபோது எடுத்திருக்கிறார். "மண்டியில இருந்தே பின்னால வந்துக்கினு கீறானுங்க" என்று கீழே எழுதியிருந்தார். உடனே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிறகு பெருமாள் கூப்பிட்டான். "அண்ணன வெட்டிட்டானுங்க. ஆட்டோல போய்க்கினு கீறோம், சித்தூர் பெரியாஸ்பத்திரிக்கு வா" என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நகரி பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்தார். நான் மொபெட்டில் கிரேட் கட்டிக்கொண்டு மண்டி மண்டியாக அலைந்த காலத்தில், கொள்முதல்காரர் ஒருவரின் அடியாள் என் சரக்கை எட்டி உதைத்துக் கன்னத்தில் அறைந்தான். அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அவன் பிடரியைப் பிடித்து எடைத்தட்டில் மோதினார், மூக்கு உடைந்தது. "யாவாரத்துக்கு வந்தவன் மேல கைய வெச்சா மண்டி மேலயே வெச்ச மாதிரி" என்றார். பிறகு அவனுக்கே பஞ்சும் டிஞ்சரும் வாங்கி வரச் சொன்னார்.

செத்தவரைப் புகழ வேண்டுமே என்று சாதுவாக்கி எழுத எனக்கு வராது. அவருக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். ஆனால் எளியவனை அவர் அடித்து நான் பார்த்ததில்லை.

அவருடைய சண்டை விலையை அமுக்கும் கும்பலோடு. கொள்முதல்காரர்கள் சிலர் கூடி ஒரு விலை சொல்வார்கள். தோட்டக்காரன் அதற்கு மேல் கேட்டால் தோத்தாபுரி மாங்காய் வாங்க ஆளில்லாமல் லாரியிலேயே அழுகும். அண்ணன் அந்தக் காயை வாங்கி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார். கும்பலின் பக்கம் நின்ற இன்னொரு மண்டிக்காரன்தான் பெருமாள். ஒருநாள் வாய்த்தகராறு முற்றி, பெருமாள் இரும்புக் கம்பியால் அண்ணன் மண்டையைப் பிளந்தான். அண்ணன் அவன் முன்பற்களை உடைத்தார். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். "டேய், பல்லு இல்லாம இன்னாத்தடா துன்னுவ?" என்று அண்ணன் கேட்க, "நீ மொதல்ல மண்டைய ஒட்ட வைணா" என்று அவன் சொன்னதில் நர்ஸம்மாவே சிரித்துவிட்டார்.

அதற்கடுத்த பருவத்தில் பிச்சாட்டூர் வழியாகப் போன அண்ணனின் லாரியைக் கும்பல்காரர்கள் மறித்துக் கண்ணாடியை நொறுக்கி, டிரைவரின் தோள்பட்டையை உடைத்தார்கள். லாரி எந்த வழியில் போகிறது என்பது மண்டியின் வாட்ஸாப் குழுவில் மட்டுமே சொன்ன சேதி. குழுவில் ஊரே இருந்தது, கும்பலின் ஒற்றனும் இருந்தான்.

அண்ணனின் மகள் கௌரி சித்தூரில் வேலை பார்ப்பவள். அவள்தான் புதிதாக ஒரு ஆப்பைக் கொண்டுவந்து காட்டினாள். போனில் மட்டும்தான் வேலை செய்யும், கம்ப்யூட்டரில் திறக்காது. நாமாகச் சேர்த்துக்கொண்ட நெருக்கமானவர்களைத் தவிர யாரும் எதையும் பார்க்க முடியாது.

"நைனா, உயிருக்கு உயிரானவங்கள மட்டும் சேரு" என்றாள்.

"அப்படி எத்தினி பேருமா கீறாங்க எனக்கு?" என்றார் அண்ணன். விளையாட்டாகக் கேட்கவில்லை. மண்டி முழுக்க வணக்கம் போடும் மனிதர், போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசியில் மகள், மைத்துனன் மணி, நான். அவ்வளவுதான்.

அண்ணன் போட்ட முதல் படத்தில் பாதிக்கு அவர் கட்டைவிரல், மீதியில் களி உருண்டை. "மாமா, வெரல வெந்த பிறகு துன்னு" என்று மணி எழுதினான். அந்த வாரமே மறுபடி ஒரு லாரி கிளம்பியது. வழி எங்கள் நால்வருக்கு மட்டும் தெரியும். கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

அப்புறம்தான் அண்ணன் பெருமாளைச் சேர்த்தார்.

எங்கள் மண்டியில் விலையைச் சத்தமாகச் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதன் அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். அந்த இரண்டு கைகளைத் தவிர மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. அண்ணன் ஒரு பெரிய தோட்டத்தைப் பேசி முடித்தபோது தோட்டக்காரருக்காகத் துண்டுக்கு அடியில் கைகொடுத்த தரகன், ஆஸ்பத்திரிக்குப் பிறகு கும்பலை விட்டு விலகியிருந்த பெருமாள். அந்த விலையைச் சொல் என்று கும்பல் அவனை அடித்தது. விலா எலும்பு இரண்டு முறிந்தது. கடையைக் கொளுத்தினார்கள். அவன் வாய் திறக்கவில்லை.

மணி குதித்தான். "உன் மண்டைய பொளந்தவன் மாமா அவன்!"

"மண்டையத்தான பொளந்தான்? துண்டுக்கு அடியில நடந்தத பொளக்கலியே" என்றார் அண்ணன்.

வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். அடி வாங்கியவன் நாளைக்கே பயந்து விலை போகலாம் என்பது என் கணக்கு. அண்ணன் கேட்கவில்லை. "அவன் இருக்கிற எடத்துல நான் இல்ல" என்று மணி எங்கள் முன்னாலேயே ஆப்பை அழித்தான். எனக்கு இரண்டு பக்கமும் வியாபாரம், நான் விலகவில்லை.

கும்பல் மேல் தோட்டக்காரர்கள் கையெழுத்திட்ட புகாரைக் கொடுக்கத்தான் அண்ணன் அன்று சித்தூருக்குக் கிளம்பினார். வழியில் அவர் ஆப்பில் போட்ட படத்திலிருந்த ஒருவனைக் கர்ச்சீப்போடே பெருமாளுக்கு அடையாளம் தெரிந்தது. தன் விலாவை மிதித்தவன். பெருமாள் போய்ச் சேருவதற்குள் அண்ணனின் தோளிலும் கழுத்திலும் கத்தி இறங்கிவிட்டது. அடுத்த வெட்டைப் பெருமாள் வெறுங்கையால் பிடித்திருக்கிறான். வலது கையில் இரண்டு விரல்கள் அங்கேயே போயின.

ஆனால் சாவு வீட்டில் வேறு பேச்சு ஓடியது. அண்ணன் போகும் வழி அந்த ஆப்பில் இருந்தவர்களுக்குத்தானே தெரியும், காட்டிக்கொடுத்தவன் பெருமாள்தான் என்று. கைக்கட்டோடு அவன் வாசலுக்கு வந்ததும் மணி கடப்பாரையைத் தூக்கினான். பின்னால் இன்னும் ஆட்கள் எழுந்தார்கள். இன்னொரு பிணம் விழப்போகிறது என்றே நினைத்தேன். நான் குறுக்கே போய் நின்றேன், மணி என்னைத் தள்ளிவிட்டான்.

அன்று அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர் கூட்டத்திலிருந்து கத்தினார். "யோவ், எம் வண்டியில அந்தப் பெரியவரு பேசுன கடைசிப் பேச்சு இன்னா தெரியுமா? 'பெருமாளு, மொதல்ல உன் கைய கட்டுடா'ன்னாரு. காட்டிக்குடுத்தவனப் பாத்தா அப்படி சொல்லுவாங்க?"

மணி அப்போதும் கடப்பாரையை இறக்கவில்லை. கௌரி எழுந்து வந்து பெருமாளுக்கு முன்னால் நின்றாள்.

"நைனா எங்களுக்குத்தான் மாமா படம் போட்டாரு. நான் பாத்துட்டு சித்தூர்ல இருந்து ஓடியாந்தேன். இவுரு மண்டியில இருந்து ஓடுனாரு. நீயும் அன்னிக்கு அதே மண்டியிலதான இருந்த? உனுக்கு ஏன் மாமா தெரியாம போச்சி?"

மணியின் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது. அவன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அண்ணனுக்காக மட்டும் அழுத அழுகை இல்லை அது.

வெட்டியவர்களைப் பிடித்துவிட்டார்கள். ஏவியவர்கள் இன்னும் மண்டியில் நடமாடுகிறார்கள். அதைப் போலீஸும் தோட்டக்காரர்களும் பார்த்துக்கொள்ளட்டும். நான் இதை எழுதுவது, பெருமாள் காட்டிக்கொடுத்தவன் இல்லை என்பது நான்கு பேருக்குத் தெரியட்டும் என்பதற்காக.

அண்ணா, உங்கள் பாடையின் முன்பக்கம் ஒரு கழி என் தோளில், மறு கழி பெருமாள் தோளில் இருந்தது. கட்டுப் போட்ட கையால் அவனுக்குப் பிடிக்க முடியவில்லை. தெருமுனையில் பாடை அவன் பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து மணி ஓடிவந்து அதே கழிக்குத் தோள் கொடுத்தான். அவனும் பெருமாளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, அடியை மட்டும் ஒன்றாக எடுத்து வைத்தார்கள். அப்படித்தான் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். போய்வாருங்கள்.